முதல் அரிப்பு எங்கே தொடங்கியது?

“எக்ஸிமான்னு எழுதிக் குடுத்துட்டாங்க டாக்டரம்மா” என்று கசங்கிய மருந்துச்சீட்டை நீட்டுபவர்கள் வாரத்துக்கு நாலு பேராவது வருவார்கள். சீட்டில் அந்த ஒரே சொல். கீழே ஒரு களிம்பு, ராத்திரிக்கு ஒரு மாத்திரை. நோய்க்குப் பெயர் தெரிந்துவிட்ட நிம்மதி முகத்தில் இருக்கும். அதைக் கலைக்கிற பாவம் எனக்கு. காய்ச்சலோடு போனவருக்குச் சீட்டில் ‘காய்ச்சல்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் ஒப்புக்கொள்வாரா? டைபாய்டா, டெங்குவா என்று கேட்க மாட்டாரா? எக்ஸிமாவும் அப்படி ஒரு குடும்பப் பெயர்தான். வந்திருப்பது அந்தக் குடும்பத்தில் யார், எதற்காக வந்தார் என்று தெரியும்வரை நோயைக் கண்டுபிடித்ததாகக் கணக்கில்லை.

குடும்பம் முழுவதற்கும் பொதுவான சங்கதி ஒன்று உண்டு. மேல்தோலின் செல்களுக்கு நடுவே நீர் கோத்துக்கொண்டு, அந்த அடுக்கு நனைந்த பஞ்சு மாதிரி ஊதிவிடும். நீர் அதிகமானால் குட்டிக் கொப்புளங்களாகப் பொங்கும். எக்ஸிமா என்ற பெயரே, கொதித்துப் பொங்குவதைச் சொல்லும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். நம் வீடுகளில் கரப்பான் என்பார்கள். புதுக் கரப்பான் கசியும். சில வாரம் போனால் பொருக்குத் தட்டிச் செதில் உதிரும். மாதக்கணக்கில் சொறிந்துகொண்டே இருந்தால் தோல் தடித்து, ரேகைகள் ஆழமாகி, பழைய செருப்புத்தோல் போலாகிவிடும். மூன்று நிலையிலும் அரிப்பு மட்டும் விடாது. அரிக்கவே அரிக்காத ஒன்றைக் கரப்பான் என்று யாராவது சொன்னால் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். அரிப்பின் அளவை நான் நகத்தில் பார்ப்பேன். பாலிஷ் போடாத நகம் பளபளவென்று மின்னினால், அது ராத்திரியெல்லாம் தோலில் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

பாடப்புத்தகப் படங்களில் கரப்பான் சிவப்பாக இருக்கும். அவை பெரும்பாலும் வெள்ளைத்தோலில் எடுத்த படங்கள். மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு ஊதாவாகவோ, சாம்பல் பூத்த பழுப்பாகவோ, பக்கத்துத் தோலைவிடக் கொஞ்சம் கூடுதல் கருமையாகவோதான் தெரியும். சிலருக்குத் திட்டே இருக்காது. மயிர்க்கால்தோறும் சின்னப் புள்ளிகள் எழும்பி, இறகு பிடுங்கிய கோழித்தோல் மாதிரி இருக்கும். செல்போனில் படத்தைப் பார்த்துவிட்டு, “நமக்குச் சிவக்கவே இல்லையே, அப்ப இது வேற” என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டவர்கள் உண்டு. கண்ணைவிட இங்கே விரல் நம்பகமானது. தடவிப் பாருங்கள். சொரசொரப்பும் தடிப்பும் இருந்தால் நோய் நடந்துகொண்டிருக்கிறது. அரிப்பு நின்று, தடவினால் வழவழவென்று இருந்து, நிறம் மட்டும் கருத்திருந்தால் அது ஆறிப்போன இடம். அந்தக் கருமை போக மாதங்கள் ஆகும்; அதற்காக ஸ்டீராய்டு களிம்பைத் தொடரக் கூடாது.

டியூபைத் தள்ளி வையுங்கள்

பெரியவர்களின் கரப்பானைக் கண்டுபிடிப்பதில் எனக்குப் பெரிய இடைஞ்சல் நோய் இல்லை, டியூப். மருந்துக்கடையில் “ஊறலுக்கு ஒண்ணு குடுங்க” என்றால் கையில் விழுவது பெரும்பாலும் மூன்று மருந்தைக் கலந்த களிம்பு: வீரியமான ஸ்டீராய்டு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். நிறுத்தினால் மூன்றாம் நாள் திரும்பும். ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு பட்டியலை இறுக்கியது. கடைகளில் நடப்பது உங்களுக்கே தெரியும்.

இதில் மாட்டிக்கொள்வது முக்கியமாகப் படர்தாமரை. அது கரப்பான் இல்லை, பூஞ்சை. இயல்பாக அது வளையமாகப் படரும். ஓரம் மேடாகச் செதிலோடு இருக்கும், நடு ஆறியிருக்கும். மேலே ஸ்டீராய்டு பூசினால் உடம்பின் எதிர்ப்பு அடங்கிவிடும். பூஞ்சைக்கு அதைவிட வேறென்ன வேண்டும். ஓரம் மழுங்கி, வளையம் கலைந்து, கரப்பானா பூஞ்சையா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாத ஒரு கலங்கல் மட்டும் மிஞ்சும். நம் நாட்டில் இப்போது பரவியிருக்கும் பூஞ்சை வழக்கமான மாத்திரைக்கும் சுலபத்தில் மசிவதில்லை. 2020இல் அதற்குத் தனி இனமாக டிரைக்கோஃபைட்டான் இந்தோடினியே என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

பிரித்துச் சொல்ல ஒரு எளிய சோதனை இருக்கிறது. மழுங்கிய பிளேடால் திட்டின் ஓரத்தைச் சுரண்டி, உதிரும் செதிலைக் கண்ணாடித் துண்டில் வைத்து, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, லேசாகச் சூடுகாட்டி, கொஞ்ச நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்ப்பது. பூஞ்சை இருந்தால் கிளைவிட்ட நூல் மாதிரித் தெரியும். செலவும் குறைவு, நேரமும் குறைவு. வட்டமாக எதைப் பார்த்தாலும் சுரண்டாமல் மருந்து எழுதக் கூடாது என்பது நான் பயிற்சியில் இருந்தபோது வாங்கிய திட்டில் கற்றது. ஏனென்றால் கரப்பானிலும் வட்டம் உண்டு. முழங்காலுக்குக் கீழேயும் முன்கையிலும் பழைய எட்டணா அளவில் காசு காசாக வரும். வித்தியாசம் என்னவென்றால் காசுக் கரப்பான் நடுவிலும் நிறைந்திருக்கும், பெரும்பாலும் கசியும். படர்தாமரை நடுவில் ஆறி ஓரத்தில் நகரும். இடுப்பு, தொடை இடுக்கு, புட்டம் என்று வேர்வை தங்கும் இடங்களை விரும்பும்.

அதனால், டாக்டரைப் பார்க்கத் தேதி வாங்கிவிட்டால், கடையில் நீங்களாக வாங்கிய களிம்பை நிறுத்திவிட்டு ஒரு வாரமாவது வெறும் தேங்காய் எண்ணெயோடு இருங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்ததாக இருந்தால் அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். உச்சத்தில் இருக்கும் நாளில் பகல் வெளிச்சத்தில் செல்போனில் நாலு படம் எடுத்து வையுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகிற அன்றைக்குப் பார்த்துத் தோல் நல்ல பிள்ளையாக இருக்கும். அது எல்லோருக்கும் நடப்பதுதான்.

எங்கே, எப்போது, என்ன வேலை

குழந்தைக் கரப்பானுக்கும் பெரியவர் கரப்பானுக்கும் பெரிய வித்தியாசம் இதுதான்: பெரியவருக்கு ஒரு வேலை இருக்கிறது. அவர் கை தினமும் எதையோ தொடுகிறது. உடம்பு முழுக்கப் பரவி வந்தவரிடமும் நான் முதலில் கேட்பது, “முதன்முதல்ல எங்க ஆரம்பிச்சுது?” என்றுதான். பரவிய இடங்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும். தொடங்கிய இடம்தான் துப்பு.

திண்டுக்கல் பக்கம் கணவரோடு மெஸ் நடத்தும் ஒரு அம்மா. இடதுகையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் — மூன்றின் நுனி மட்டும் காய்ந்து வெடித்திருந்தது. மோதிர விரலும் சுண்டுவிரலும் பளிச்சென்று இருந்தன. வலதுகை சுத்தம். பாத்திரம் தேய்க்கும் சோப்பு என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரும் பாத்திரத்துக்கு ஆள் வைத்தும் பார்த்துவிட்டார்.

“இடதுகைப் பழக்கமாம்மா?”

“இல்லீங்க டாக்டரம்மா, சோத்துக்கைதான்.”

பேனா மூடியைக் கொடுத்து, “இது பூண்டுன்னு வச்சுக்கங்க, எப்படி நறுக்குவீங்க, காட்டுங்க” என்றேன். வலதுகையைக் கத்தி போல வைத்துக்கொண்டு, மூடியை இடதுகையின் அந்த மூன்று விரல் நுனியில் பிடித்தார். பிடித்தவர் அப்படியே விரலைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பூண்டில் உள்ள டைஅலைல் டைசல்ஃபைடு என்ற கந்தகப் பொருள் செய்கிற வேலை அது. பாத்திர சோப்பாக இருந்தால் இப்படி மூன்று விரல் பார்த்து வராது. இரண்டு கையிலும், அதிலும் மோதிரத்துக்கு அடியிலும் விரல் இடுக்கிலும் தொடங்கியிருக்கும்.

இன்னொருவர் கொத்தனார், நாற்பத்தைந்து வயது. இரண்டு புறங்கையும் மணிக்கட்டும் தடித்து வெடித்திருந்தன. அவரிடம் கேட்டது ஒரே கேள்வி.

“ஏண்ணே, வேலை இல்லாத நாள்ல எப்படி இருக்கும்?”

“ஞாயித்துக்கிழமை ஒண்ணும் தெரியாதுங்க. ஊர்த் திருவிழான்னு பத்து நாள் போயிட்டா சுத்தமா ஆறிடும். திரும்ப வந்து ரெண்டு நாள் கலவையில கைய வச்சாப் போதும்.”

லீவில் ஆறி, வேலையில் திரும்பினால் வேலையைச் சந்தேகிக்க வேண்டும். சிமெண்ட் இரண்டு வழியில் தோலைக் கெடுக்கும். ஈரச் சிமெண்டின் காரம் யார் கையையும் அரிக்கும். அது வெறும் எரிச்சல் வகை. அதில் உள்ள குரோமேட் என்ற உப்பு சிலருக்கு ஒவ்வாமையாக மாறும். அப்படி மாறிவிட்டால் பிறகு துளி பட்டாலும் உடம்பு அதை மறக்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், வைத்தியம் மட்டும் வேறு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2005 முதல் சிமெண்டில் கரையும் குரோமேட் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. இரும்பு சல்ஃபேட் கலந்து அதைக் குறைக்கிறார்கள். இந்தக் கொத்தனாரிடம் இந்த அத்தியாயத்தின் கடைசியில் திரும்ப வருவோம்.

கண் இமைக் கரப்பான் வந்தால் கண்ணுக்குப் போட்டதை மட்டும் யோசிக்காதீர்கள். இமைத்தோல் உடம்பிலேயே மெல்லியது; வேறிடத்தில் பட்டதற்கு அது அழும். தலைச்சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற பொருளுக்கு உச்சந்தலை சும்மா இருக்க, இமையும் காதுமடலும் வீங்கும். நகப்பாலிஷுக்கு விரல் நன்றாக இருக்க, இமையும் கழுத்தும் அரிக்கும். மருதாணி என்று கறுப்பாகக் கையில் போட்டுவிடும் கலவையிலும் பெரும்பாலும் இந்த பிபிடிதான்.

முகம், கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் சேர்ந்து தடித்து ஒரு விவசாயி வந்தால், கொல்லையில் பார்த்தீனியம் இருக்கிறதா என்று கேட்பேன். 1950களில் புனே பக்கம் கண்ணில் பட்ட அந்தச் செடி இன்று நாடு முழுக்க நிற்கிறது. தொட வேண்டியதே இல்லை. காய்ந்து தூளாகிக் காற்றில் வந்தால் போதும். வெயிலால் வரும் ஒவ்வாமையும் முகத்திலும் கழுத்திலும்தான் வரும். பிரிப்பதற்கு ஒரு வழி: தலையை நிமிர்த்தச் சொல்லி மோவாய்க்கு அடியிலும், காதுக்குப் பின்னாலும், மேல் இமையிலும் பார்ப்பது. வெயில் படாத அந்த நிழல் இடங்களிலும் தடித்திருந்தால் காற்றில் வந்த தூள்; அவை மட்டும் தப்பியிருந்தால் வெயில்.

மற்றவை இடத்தைச் சொன்னாலே பாதி தெரிந்துவிடும். நெற்றி நடுவில் என்றால் குங்குமம் அல்லது ஸ்டிக்கர் பொட்டின் பசை. இந்தப் பசை சிலருக்கு அந்த இடத்தையே வெளுக்க வைத்துவிடும். கால் மேல்புறம் செருப்பு வார் போன வழியே என்றால் ரப்பர். தொப்புளுக்குக் கீழே ஜீன்ஸ் பொத்தான் படும் இடம், கவரிங் செயினின் கொக்கி, கம்மல் துளை, வாட்ச் பக்கிள் என்றால் நிக்கல். ஆறாத புண்ணைச் சுற்றி புதிதாக அரித்தால், அந்தப் புண்ணுக்குப் போட்ட களிம்பு. நியோமைசின் இதில் பேர்போனது. உள்ளங்கையிலும் விரல் ஓரங்களிலும் தோலுக்குள் ஜவ்வரிசியைப் புதைத்து வைத்ததுபோல் கொப்புளம் வந்தால் அதற்குப் பாம்ஃபோலிக்ஸ் என்று தனிப்பெயர். அப்போது காலையும் காட்டுங்கள். சில நேரம் காலிலுள்ள பூஞ்சைக்குக் கை இப்படிப் பதில் சொல்லும்.

தொடுவது எதுவுமே இல்லாமல்

தொட்டது ஒன்றும் அகப்படாதவர்களில் ஒரு கூட்டம் பிறவிக் கரப்பான்காரர்கள். சின்ன வயதில் முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்புறமும் இருந்திருக்கும், பள்ளிக்கூடம் போகும் வயதில் அடங்கியிருக்கும், இருபத்தைந்து வயதில் வேலை, ஊர், தண்ணீர் மாறியதும் கையிலும் இமையிலும் கழுத்திலும் திரும்பும். இவர்களுக்கே தங்கள் பழைய கதை நினைவிருக்காது. “அம்மாவுக்குப் போன் போட்டுக் கேளுங்க” என்பேன். ஸ்பீக்கரில் அந்த அம்மா, “ஆமாங்க, மூணு வயசு வரைக்கும் ராத்திரி பூரா சொறிவான், கையில துணி சுத்தித்தான் படுக்க வைப்பேன்” என்றால் எந்த லேப் ரிப்போர்ட்டும் அதற்கு ஈடாகாது.

டாக்டர்கள் இதற்குக் கையில் வைத்திருக்கும் கணக்கு ஒன்று 1994இல் பிரிட்டனில் வந்தது. கடந்த ஒரு வருஷத்துக்குள் அரிப்பு இருந்தே ஆகவேண்டும். அதோடு இந்த ஐந்தில் குறைந்தது மூன்று சேர வேண்டும்: மடிப்புகளில் முன்பு வந்த வரலாறு, வீசிங்கோ அடுக்குத் தும்மலோ இருந்தது, ஒரு வருஷமாக உடம்பு முழுக்க வறட்சி, இப்போது மடிப்பில் கண்ணுக்குத் தெரியும் கரப்பான், இரண்டு வயதுக்குள் தொடங்கியது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பது என் பழக்கம். ரேகைகள் வழக்கத்துக்கு மீறி நிறையவும் ஆழமாகவும் இருந்தால், தோலுக்குக் காவலாக இருக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதம் பிறவியிலேயே குறைவாக இருக்கலாம். அந்தத் தொடர்பு 2006இல்தான் தெரியவந்தது. இளமையில் ஒன்றுமே இல்லாமல், ஐம்பது வயதுக்குமேல் முதன்முதலாகப் பிறவிக் கரப்பான் என்று யாராவது சொன்னால் நம்புவதற்குமுன் கீழே வரும் போலிகளைப் பற்றிப் படித்துவிடுங்கள்.

ரத்தத்தில் ஐஜிஇ பார்ப்பது பற்றி. இவர்களில் பலருக்கு அது கூடித்தான் இருக்கும். வயிற்றில் புழு இருந்தாலும் கூடும். அந்த எண்ணை வைத்து மட்டும் நோயைச் சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. அதைவிட மோசம், ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் உணவு ஒவ்வாமைப் பட்டியல். கத்தரிக்காய், பால், கோதுமை, முட்டை என்று வரிசையாகக் குறி போட்டிருக்கும். பாவம், மூன்று மாதம் ரசம் சாதத்தில் ஓட்டிவிட்டு, இளைத்துப்போய், அதே கரப்பானோடு வருவார்கள். நம் வீட்டிலேயே ‘கரப்பான் பண்டம்’ என்று கத்தரிக்காயையும் கருவாட்டையும் தள்ளிவைக்கும் வழக்கம் இருப்பதால் அந்தத் தாள் உடனே மனசில் ஒட்டிக்கொள்கிறது. பெரியவர்களின் கரப்பானுக்குச் சாப்பாடு காரணமாக இருப்பது அபூர்வம். சாப்பிட்ட சற்று நேரத்தில் தடிதடியாக எழும்புவது வேறு நோய், காணாக்கடி. தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போடுங்கள். ஒரு நாளுக்குள் அந்த இடத்தில் சுவடில்லாமல் மறைந்து வேறிடத்தில் எழும்பினால் காணாக்கடி. கரப்பான் அப்படி ஓடிப்போகாது.

காலில் வருவதில் இரண்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். வயதானவர்களுக்கு மார்கழிக் குளிரில், சுடுதண்ணீரும் சோப்பும் சேர்ந்து, முன்காலில் வற்றிய குளத்து வண்டல் வெடித்தது மாதிரி கோடு விழும். இதற்குச் சோதனையே வேண்டாம். இரண்டாவது, கணுக்காலின் உள்பக்கம் கருத்து, அரித்து, மாலையில் வீங்கினால் நரம்பு சுருட்டியிருக்கிறதா என்று நின்றுகொண்டு காட்டுங்கள், படுத்தால் தெரியாது. ஜவுளிக்கடை, டீக்கடை என்று நாள் முழுக்க நிற்பவர்கள் நோய் இது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்தது. இந்தக் கணுக்கால் கரப்பானைப் பலமுறை கிருமித் தொற்று என்று நினைத்து ஆன்டிபயாடிக் ஏற்றிவிடுவார்கள். தொற்று பெரும்பாலும் ஒரு காலில்தான் வரும், தொட்டால் வலிக்கும், காய்ச்சல் காயும். இது அரிக்கும், பல நேரம் இரண்டு காலிலும் இருக்கும்.

வேஷம் போட்டு வருபவை

சிரங்கு. வீட்டில் இன்னொருவரும் சொறிகிறாரா, ராத்திரியில்தான் அதிகமா, விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், பிறப்புறுப்பில் புள்ளி இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் இது கரப்பான் இல்லை, பூச்சி. முதல் தடவை தொற்றினால் அரிப்பு தொடங்கவே நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும் என்பதால் ஒட்டிய இடத்தை யாருக்கும் நினைவிருக்காது.

சோரியாசிஸ் முழங்கை, முழங்கால் மூட்டின் வெளிப்புறம், தலை, கீழ்முதுகு பார்த்து வரும். வெள்ளிச் செதில், கோடு போட்டதுபோல் ஓரம், நகத்தில் ஊசி குத்திய குழிகள். உள்ளங்கையில் மட்டும் வந்தால் அனுபவசாலிகளே தடுமாறுவார்கள்.

நம் ஊரில் மறக்கவே கூடாதது தொழுநோய். வெளிறிய அல்லது செம்பு நிறத் திட்டு, அரிப்பு இல்லை, வேர்வை இல்லை, முடி உதிர்ந்திருக்கும். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டால் அந்த இடத்தில் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்து இலவசம்.

மார்புக்காம்பில் ஒரு பக்கம் மட்டும் கரப்பான் மாதிரி இருந்து, மருந்துக்கு ஆறாமல் சில வாரம் நின்றால் சதைப் பரிசோதனை செய்தே ஆகவேண்டும். அது பேஜட் நோயாக இருக்கலாம். உள்ளே புற்றுநோய் இருப்பதன் வெளி அடையாளம். ஜேம்ஸ் பேஜட் இதை எழுதியது 1874இல். இன்றைக்கும் களிம்பு பூசியே காலம் கடத்தியவர்கள் வருகிறார்கள், வெட்கத்தால் காட்டாமல். இரண்டு பக்கமும் வந்து, கசிந்து, மருந்துக்கு ஆறினால் பெரும்பாலும் சாதாரணக் கரப்பான்தான்.

ஐம்பதுக்குமேல் புதிதாக, உடம்பெங்கும், எந்த மருந்துக்கும் அடங்காத கரப்பானுக்கு நான் மூன்று பக்கம் பார்ப்பேன். ஒன்று மாத்திரைப் பெட்டி: அம்லோடிபின், தயசைடு போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளால் மாதங்கள் கழித்தும் வரலாம். இரண்டு, முதுகு. நடு முதுகில் கை எட்டாத இடம் மட்டும் வண்ணத்துப்பூச்சி வடிவில் சுத்தமாக இருந்து, மற்ற இடமெல்லாம் கீறலாக இருந்தால் நோய் தோலில் தொடங்கவில்லை என்று சந்தேகம் வரும். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு பார்க்க ரத்தம் எடுக்கச் சொல்வேன். மூன்று, வேட்டியோ பாவாடையோ மறைக்கும் இடுப்புப் பகுதி. அங்கே வருஷக்கணக்கில் நிற்கும் மெல்லிய திட்டுகள் தோலில் வரும் ஒருவகை லிம்ஃபோமாவாக இருக்கக்கூடும். அதற்குச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், சில நேரம் இரண்டு மூன்று தடவை.

இவை தவிர அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலை இரண்டு. கரப்பானின் மேல் ஒரே அளவில், துளை போட்டதுபோல் வலிக்கும் புண்கள் திடீரென்று கூட்டமாக வந்து காய்ச்சலும் சேர்ந்தால் அது ஹெர்பிஸ் வைரஸ். உடம்பு முழுக்கச் சிவந்தோ கருத்தோ செதில் கொட்டி, குளிர் நடுக்கம் எடுத்தாலும் அப்படியே. இவற்றுக்குத் தேதி வாங்கிக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

முதுகில் ஒட்டும் சோதனை

சதைப் பரிசோதனை, இது கரப்பான் குடும்பம் என்று சொல்லும். பூண்டா சிமெண்டா என்று சொல்லாது. அதைச் சொல்வது பேட்ச் டெஸ்ட். 1895இல் யோசப் யாடசோன் என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவர் தொடங்கி வைத்தது, இன்னும் அதே அடிப்படையில் நடக்கிறது. சந்தேகப் பொருள்களை அளவாகக் கலந்து, சின்னச் சின்னக் கிண்ணங்களில் வைத்து, முதுகின் மேல்பக்கம் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்து ஒருமுறை, மூன்றாம் அல்லது நாலாம் நாள் மறுபடியும் பார்ப்பார்கள். இரண்டாவது பார்வைக்குத்தான் மதிப்பு அதிகம். எரிச்சல் அதற்குள் மங்கும், உண்மையான ஒவ்வாமை முற்றும். இந்தியாவில் பார்த்தீனியத்தையும் சேர்த்த தனி வரிசை இருக்கிறது.

ஊசியால் கையில் குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்ட் வேறு, இது வேறு. அது வீசிங், காணாக்கடிக்கானது. ஒட்டியிருக்கும் நாள்களில் முதுகில் தண்ணீர் படக் கூடாது, வேர்க்கவும் கூடாது. சித்திரை வெயிலில் செய்தால் ஒட்டியது கழன்று விழும், அதனால் முடிந்தால் மார்கழி, தை பார்த்துச் செய்துகொள்ளுங்கள். முதுகில் கரப்பான் இருக்கும்போதும், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும்போதும் செய்தால் பதில் தப்பாக வரலாம். செட்டிரிசின் சாப்பிடலாம், இதைக் கெடுக்காது.

அழகு கிரீம், பவுடர் வகையில் சந்தேகம் என்றால் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். முழங்கை மடிப்புக்குக் கொஞ்சம் மேலே, காசு அளவு இடத்தில், காலை மாலை பூசுங்கள். ஏழிலிருந்து பத்து நாளுக்குள் அரித்துத் தடித்தால் அதுதான். கழுவிவிடும் சோப்பு, ஷாம்பூ, தலைச்சாயம், சிமெண்ட், செடி எதையும் இப்படிச் செய்யாதீர்கள், தோல் வெந்துவிடும்.

டாக்டரைப் பார்க்க வரும்போது நீங்கள் தொடுவதையெல்லாம் ஒரு கட்டைப்பையில் போட்டு எடுத்து வாருங்கள். சோப்பு உறை, எண்ணெய், களிம்பு, நாட்டு மருந்து, செருப்பு, வேலைக்குப் போடும் கையுறை, எல்லாம். வெட்கப்படவோ மறைக்கவோ இதில் ஒன்றுமில்லை.

அந்தக் கொத்தனார் அப்படித்தான் ஒரு பையோடு வந்தார். நாலாம் நாள் முதுகில் மற்ற இடமெல்லாம் சும்மா இருக்க, குரோமேட் வைத்த இடம் தடித்துக் குட்டிக் கொப்புளத்தோடு நின்றது. கண்ணாடியில் காட்டினேன். “அதான் நான் மூணு மாசமா கையுறை போட்டுத்தாங்க வேலை பாக்குறேன், அப்பவும் ஏன் கேக்க மாட்டேங்குது?” என்றார். மணிக்கட்டைப் பார்த்தேன். கரப்பான் முன்னைவிட மேலேறி, ஓரிடத்தில் நேர்க்கோடாக நின்றிருந்தது. பையைக் கவிழ்த்தார். சோப்பு, தேங்காய் எண்ணெய், இரண்டு டியூப், அதற்கு அடியில் கை பாதுகாப்புக்கென்று காசு சேர்த்து வாங்கிய தோல் கையுறை. பதனிடும்போது அந்தத் தோலில் ஏற்றியிருப்பதும் குரோமியம்தான்.